பார்படோஸ் திரும்பவும், ஆனா கப்பல் வேண்டாம்

கரீபியன் தீவு பார்படோஸுக்கு திரும்பப் போறது எண்டு வீட்டில முடிவாகிட்டுது, எப்பிடிப் போறது எண்டதிலதான் இன்னும் இழுபறி. டொரன்டோ மச்சாள் போனமுறை மாதிரியே க்ரூஸ் புக் பண்ணுவம், சாப்பாடு ரூம் எல்லாம் ஒரே காசுக்குள்ள வந்திடும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறா. எனக்கு அது சரிவராது. காலமை தலைநகர் பிரிட்ஜ்டவுனில கப்பலைக் கட்டுவாங்கள், கார்லைல் பே கடற்கரையில ஆமையைப் பாத்து கொஞ்சம் கடலில நனைஞ்சு கடையில நாலு சாமான் வாங்க பின்னேரமாகிடும், ஓடிவந்து கப்பல் ஏறவேணும், சனம் வேலை முடிச்சு வெளிய வாற நேரத்தில நாங்கள் நடுக்கடலில பஃபே வரிசையில நிப்பம்.

நான் போகவேணும் எண்டு நிக்கிறது ஓய்ஸ்டின்ஸுக்கு. தெற்குக் கரையில இருக்கிற மீன்பிடி ஊர், வெள்ளிக்கிழமை இரவில சுட்ட மீன், சீஸ் போட்டு பேக் பண்ற மக்ரோனி பை, பாட்டு, ஆட்டம் எண்டு அமர்க்களப்படும். டாக்ஸி ஒண்டும் தேவையில்லை, இஸட்ஆர் எண்டு ஒரு வெள்ளை வேன் ஓடுது, 3.50 பார்படோஸ் டொலர்தான், 1975 இல இருந்து அவங்கட 2 டொலர் ஒரு அமெரிக்க டொலர் எண்டபடியா கணக்குப் பாக்கவும் சுகம். பாட்டை அலறவிட்டு ஆக்களை அடைஞ்சுகொண்டு பறக்கிற பறப்பில எங்கட கொழும்பு காலி ரோட் பிரைவேட் பஸ் பிச்சை வாங்கவேணும். பத்ஷீபாவும் இருக்கு, அது கிழக்குக் கரை, அட்லான்டிக் அலை வந்து பெரிய பெரிய பாறையில அடிக்கும், குளிக்கிற இடமில்லை, சும்மா இருந்து பாக்கத்தான். முழுத்தீவும் 34 கிலோமீட்டர் நீளம்தான், ஆனா மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு போனா அதுகூட தூரம்தான்.

இவருக்கு பிரிட்ஜ்டவுன் கிரிக்கெட் கிரவுண்ட் கென்சிங்டன் ஓவல். நாங்கள் அவுஸ்திரேலியாவிட்ட தோத்த 2007 உலகக்கிண்ண ஃபைனல் இருட்டுக்குள்ள முடிஞ்சது, கில்கிறிஸ்ட் அடிச்ச 149, எல்லாத்தையும் இண்டைக்கும் நேற்று நடந்தமாதிரி சொல்லிச் சொல்லிப் புலம்புவார். 2018 இல அதே கிரவுண்டில லக்மால் கப்டனா இருந்து இலங்கை வெஸ்ட் இண்டீஸோட பகலிரவு டெஸ்டை 4 விக்கெட்டால வெண்டதை நான்தான் ஞாபகப்படுத்தவேணும். கேவ் ஹில் யூனிவர்சிட்டியில பழைய வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர் வொரல், வீக்ஸ், வோல்கொட் மூண்டு பேரையும் ஒரே இடத்தில அடக்கம் பண்ணியிருக்கு, அங்கயும் போகோணுமாம். போகட்டும், நான் மர நிழலில இருப்பன்.

ஏப்ரல் பள்ளிக்கூட லீவுதான் தோது. ஜூனில இருந்து நவம்பர் வரைக்கும் புயல் காலம், 2024 ஜூலையில பெரில் புயல் பிரிட்ஜ்டவுனில நிண்ட மீன்பிடி வள்ளங்களை உடைச்சுப் போட்டது. கனடா விசா கையில இருக்கிறபடியா டொரன்டோவால போறதுதான் புத்தி, அங்கயிருந்து நேர ஃப்ளைட் இருக்கு. மச்சாளையும் அப்பிடியே இழுத்துக்கொண்டு போகலாம்.

மிச்சம் இருக்கிற ஒரே சிக்கல் மாமி. வெள்ளிக்கிழமை மீனோ எண்டு கேட்டு முகத்தைத் திருப்பிட்டா. மக்ரோனி பை சைவம்தான் மாமி எண்டன், முட்டை போட்டிருப்பாங்களோ எண்டு விசாரிக்கட்டாம்.