கடலூர் ஓ.டி.யில் 1783-ஐப் படம்பிடித்த அனுபவம்

கடலூர் முதுநகரை நாங்கள் ஓ.டி. (ஓல்ட் டவுன்) என்றுதான் சொல்வோம். சென்னையிலிருந்து ஒரு சின்ன ஆவணப்படக் குழு வந்தது. 1783 ஜூனில் இந்தக் கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள் அல்லவா, அந்த நாட்களில் கரை எப்படி இருந்தது என்று சில காட்சிகள் எடுக்க வேண்டும் என்றார்கள். இடம் பார்ப்பதும் அனுமதி வாங்குவதும் என் வேலை.

இயக்குநர் முதலில் கேட்டது கோட்டை. தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது உண்மைதான். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை இருந்த ஊர்களும் சேர்ந்தே கைமாறின. ஆனால் 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துப் போட்டுவிட்டார். கதை நடக்கும் காலத்திலேயே அங்கே பழைய கோட்டை முழுசாக இல்லை. செட் செலவு மிச்சம் என்று தயாரிப்பாளருக்கு மட்டும் சந்தோஷம்.

அடுத்தது கப்பல். துறைமுகக் கரையில் கப்பல் வந்து ஒட்டி நிற்பதாகக் காட்சி எழுதியிருந்தார்கள். உப்பனாற்று முகத்துவாரத்துக்குள் பெரிய கப்பல் வர ஆழம் கிடையாது. கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு படகில் ஏறிக் கரைக்கு வரும். இதைச் சொன்னதும் பட்ஜெட் பாதியாகக் குறைந்துவிட்டது. தூரத்தில் இரண்டு பாய்மரம், அது கம்ப்யூட்டர் வேலை. கரையில் மசூலா படகு ஒன்று. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. இப்போது எங்கே கிடைக்கும்? பழைய மரப்படகு ஒன்றைப் பிடித்து, ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன்கள் கயிறு கோத்து ஒப்பேற்றினார்கள்.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். பார்க்க ஒரே கரை மாதிரி இருக்கும், ஆனால் பத்தடிக்கு ஒரு எல்லை. துறைமுக நிலம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்துடையது. தெரு மாநகராட்சிக்கு. போக்குவரத்தை நிறுத்தப் போலீஸ். ரயில் நிலையம் தெற்கு ரயில்வே. 1783-இல் ரயில் ஏது, அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு அலுவலகத்தில் வரைபடம் இல்லை என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். அப்புறம் எல்லா மனுவோடும் ஒரு வரைபடம் வைத்தேன்: கேமரா எங்கே, ஜெனரேட்டர் வண்டி எங்கே, ஆட்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்பதுவரை. அதற்குப் பிறகு கேள்விகள் வெகுவாகக் குறைந்தன.

காகிதம் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கோயில் வாசலில் போய்ப் பார்த்தோம். பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: "கவர்ன்மென்ட் காகிதம் சரி தம்பி. படகை நகர்த்தப் போறது யாரு?"

நியாயமான கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். கூட்டமாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் எங்கள் காட்சிக்கு அதில் ஒரு படகு தெரிந்தாலும் போச்சு. தடை முடிந்ததும் எல்லாம் கடலுக்குப் போய்விடும், ஆறு காலியாகும். அப்படியென்றால் ஜூன் 15-க்கே வருகிறோம் என்றோம். "முதல் வாரம் வேணாம், எங்களுக்குச் சம்பாத்தியம் அப்பதான்" என்றார்கள். அடுத்த வாரத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். கருவாடு காயும் இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது, துடுப்பு போட உள்ளூர் ஆட்களையே எடுக்க வேண்டும், ஓரமாக ஒதுக்கும் ஃபைபர் படகுகளுக்கு அன்றைய வருமானத்தைக் கொடுத்துவிட வேண்டும். இதெல்லாம் அவர்கள் வைத்த நிபந்தனை. எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

உள்ளூர் ஆட்கள் நிபந்தனை எங்களுக்குத்தான் லாபமாக முடிந்தது. சென்னையிலிருந்து வந்த துணை நடிகர்களால் அலையைத் தாண்டவே முடியவில்லை. இவர்கள் ஒரே டேக்கில் முடித்துக் கொடுத்தார்கள். ஒரு பையனுக்கு மட்டும் முடியில் செம்பட்டைக் கலர் அடித்திருந்தது, தலைப்பாகை கட்டிச் சமாளித்தோம்.

கிழக்குப் பார்த்த கடல் என்பதால் விடிந்து கொஞ்ச நேரம்தான் வெளிச்சம் நமக்கு. வெயில் ஏறினால் பின்னால் இருக்கும் மங்களூர் ஓட்டுக் கூரைகள் பளிச்சென்று தெரியும். அந்த ஓடு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. கூரை, மின்கம்பம் எல்லாவற்றையும் கீற்று வைத்து மறைத்தோம்.

இன்னும் இழுத்துக்கொண்டிருப்பது ஒரு மாட்டு வண்டிதான். மாடு நடித்தால் விலங்கு நல வாரியத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், படம் முடிந்ததும் ஆட்சேபணையில்லாச் சான்றும் வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையில் நிற்கும். வாரியம் இருப்பது ஹரியானாவில். முன் அனுமதி வாங்கிவிட்டோம். மற்றதுக்கு மருத்துவர் சான்றை இணைத்து அனுப்பியிருக்கிறேன். வண்டி திரையில் வருவது சில நொடிகள். வெட்டிவிடலாமா என்று எடிட்டர் தினமும் கேட்கிறார், இயக்குநர் விடமாட்டேன் என்கிறார்.