பதினெட்டு சிப்பியும் பூட்டிய அலமாரியும்

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்குக் குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வந்த, கல்லாகிப்போன 18 ஜுராசிக் காலத்துச் சிப்பிகளைக் கொடுத்து, ஓட்டின் அமைப்பை வைத்து வகை பிரிக்கச் சொன்னார்கள். மூன்று வார வேலை என்றார்கள். எனக்கு இரண்டரை மாதம் ஆனது.

பெட்டியில் சீட்டே இல்லை. மூடியில் பென்சிலில் 'கட்ச்', அவ்வளவுதான். எந்தப் பாறை அடுக்கில் எடுத்தது என்று தெரியாமல் பெயர் வைப்பது, ஊருக்குள் போய் முருகன் வீடு எது என்று கேட்பது மாதிரி. தர்மபுரியில் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. எங்கள் பக்கம் திரும்பிய இடமெல்லாம் சார்னகைட்டும் நைஸும்தான், பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள். அதில் எங்கே சிப்பியைத் தேடுவது?

முதல் தப்பு என்னுடையது. மண் போகட்டும் என்று ஒன்றைப் பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் போட்டேன். சிப்பி ஓடு கால்சைட் என்று பரீட்சையில் எழுதியவன்தான் நான். பொங்கிய நுரை அடங்கி எடுத்தபோது, உள்பக்கம் கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்றிருந்தது. ஓட்டின் உள்ளே தசை ஒட்டியிருந்த தடம், அதாவது தசைத் தழும்பைக் காணோம். மிச்சம் 17. அதற்கப்புறம் தண்ணீர், ஊசி, பழைய பிரஷ் மட்டும்தான். "தன் பல்லையே விளக்கமாட்டான், கல்லுக்கு விளக்குறான் பாரு" என்றார் அம்மா.

இடது ஓடு குழிந்தது, வலது ஓடு தட்டை மூடி. இதை முதலில் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே சிப்பியின் மூடிக்குத் தனிப்பெயர் வைப்பீர்கள். நகம் போல உள்ளே சுருண்டால் கிரைஃபியா, அலகு (ஓடு வளரத் தொடங்கிய நுனி) பக்கவாட்டில் திருகினால் எக்ஸோகைரா வகை, விளிம்பு ரம்பமாக மடிந்தால் லோஃபா வகை. இதெல்லாம் ஒரு மதியத்தில் முடிந்தது.

மாட்டிக்கொண்டது ஒன்பதாம் நம்பரில். மூடி மேலே அழகான வரிகள். லோஃபா என்று எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்து நனைத்து, மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், வரிகள் அலகிலிருந்து கிளம்பவே இல்லை. வளர்ச்சிக் கோடுகளை வெட்டிக்கொண்டு குறுக்கே ஓடின, விளிம்பும் மடியவில்லை. அம்மோனைட் என்ற, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரியின் மேல் ஒட்டி வளர்ந்த சிப்பி அது! ஒட்டிய இடத்தின் வரியை மேல் மூடியும் அப்படியே வாங்கியிருக்கிறது. அம்மோனைட்டின் வரிக்குச் சிப்பிப் பெயர் வைக்க இருந்தேன்.

பெயரிட்ட மாதிரிகளைப் பார்க்க ஒரு கல்லூரிக்குப் பஸ் ஏறினேன். "சார் ஆன் டூட்டில வெளியூர் போயிட்டாரு தம்பி, சாவி அவர்கிட்ட" என்றார் உதவியாளர். கண்ணாடி வழியே பார்த்தேன். எல்லாம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தன. எனக்கு வேண்டியது உள்பக்கம்: தழும்பு வட்டமாக இருந்தால் கிரைஃபியா குடும்பம், சிறுநீரக வடிவம் என்றால் ஆஸ்ட்ரியா குடும்பம்.

17-இல் 14-க்குப் பேரினம் (ஜீனஸ்) சொன்னேன். தழும்பு தேய்ந்த மூன்றை 'பிரிக்க முடியவில்லை' என்று எழுதினேன். மாற்றச் சொன்னார் கைடு. அந்த ஓடுகளை டார்ச்சடியில் காட்டினேன், கையெழுத்துப் போட்டார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி வைத்தேன். கடைசிச் சீட்டு: '18. இடது ஓடு. ஆசிட்டில் போனது.'