அப்பாவும் கழுத்துப்பட்டையும்

செம்பூர் வீட்டுக் குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்து மூன்று வாரம். வயது 82. கழுத்தின் இரண்டாவது எலும்பில் பல் மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனை முறிந்திருக்கிறது. நல்லவேளை, கை கால் அசைவில் குறையில்லை.

ஆபரேஷனா, கழுத்தை அசையாமல் பிடிக்கும் காலர் பட்டையா என்று வீட்டில் இரண்டு நாள் ஒரே வாக்குவாதம். மேலிரண்டு எலும்புகளையும் ஸ்க்ரூ போட்டு இணைத்தால் முறிந்த எலும்பு ஒன்று சேர வாய்ப்பு அதிகம். ஆனால் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி போய்விடும். இந்த வயதில் மயக்க மருந்து வேறு. காலர் போட்டால் எலும்பு கூடாமலே போகலாம். கூடாவிட்டாலும் நார்த்திசு பிடித்து ஆடாமல் நின்றால் போதும் என்றார் டாக்டர். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சரி, காலர்தான். தாடைக்குக் கீழே புண் வருகிறதா என்று தினமும் பார்க்கிறோம். விழுங்கச் சிரமம், அதனால் குழைந்த ரசம் சாதம். "தோசை எப்போடா?" என்கிறார்.