விடுமுறையில் மட்டும் விழுந்த சர்வர்

ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் இயங்கும் எங்கள் அலுவலகத்துச் சர்வர், வேலை நாட்களில் எவ்வளவு கூட்டம் வந்தாலும் அசையாமல் நிற்கும். பொங்கல் விடுமுறையில், அலுவலகமே ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில், 137 என்ற எண்ணை மட்டும் லாகில் எழுதிவிட்டு மாண்டுபோகும். 128-உடன் கொலைக்கான 9-ஆம் சிக்னலைக் கூட்டினால் வருவது 137. நினைவகம் தீர்ந்துபோனால் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் கொடுக்கும் தண்டனை அது.

மேலாளர் விடுமுறைக் கூட்டத்தைச் சந்தேகித்தார். ஆயுத பூஜையன்று சர்வருக்குப் பொட்டு வைக்காததுதான் காரணம் என்றார் ஒரு நண்பர். கிளவுடில் இருப்பதற்கு எங்கே போய்ப் பொட்டு வைப்பது? உண்மையில், வேலை நாட்களில் நாங்கள் ஓயாமல் டிப்ளாய் செய்துகொண்டிருந்தோம், அதாவது புதிய நிரலை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் சர்வர் புதிதாகத் தொடங்கியதால், அதுவரை சேர்ந்த குப்பையும் கூடவே போய்விட்டது. வேலை முடிந்த பின்னும் நினைவகத்தை விடாமல் பிடித்துவைக்கும் அந்த மெமரி லீக்கை எங்கள் சுறுசுறுப்புதான் இத்தனை காலம் காப்பாற்றி வந்திருக்கிறது.

நிரலின் நினைவகமான ஹீப்பில் அந்த நொடி என்னென்ன இருக்கிறது என்று காட்டும் ஹீப் ஸ்னாப்ஷாட் எடுத்துப் பார்க்க முடிவாயிற்று. அதை எடுப்பதற்கே ஹீப்பின் அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நினைவகம் வேண்டும் என்பதால், முதல் ஸ்னாப்ஷாட்டே நோயாளியைக் கொன்றது. பிறகு சோதனைச் சர்வரில் செயற்கையாகக் கூட்டத்தைக் கூட்டி, இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளைக் குரோமில் ஒப்பிட்டபோது, பதில் பெற்று எப்போதோ கிளம்பியிருக்க வேண்டிய ரிக்வெஸ்டுகள் ஆயிரக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருந்தன. உள்ளே வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்டும், செட்டிங்ஸ் மாறினால் தனக்குச் சொல்லும்படி நிகழ்வுகளை அறிவிக்கும் ஒரு பொதுவான ஈவன்ட் எமிட்டரிடம், அறிவிப்பைக் கேட்கும் லிசனரைப் பதிந்துவிட்டு, போகும்போது அதை நீக்காமல் போயிருக்கிறது; லிசனர் பிடித்துக்கொண்டிருப்பதை, பயனற்றதை அகற்றி நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் தொடாது.

ஒரே நிகழ்வுக்குப் பத்துக்கு மேல் லிசனர்கள் சேர்ந்தாலே, மெமரி லீக்காக இருக்கலாம் என்று நோட் தானாகவே எச்சரிக்குமே, அது எங்கே போயிற்று என்று தேடியதில்தான் அந்த வரி அகப்பட்டது: யாரோ ஒருவர் அந்த வரம்பைப் பூஜ்யமாக, அதாவது வரம்பே இல்லாததாக, மாற்றி வைத்திருந்தார். திருடனைக் கண்டு குரைத்த நாயின் வாயைக் கட்டிய அந்தப் புண்ணியவான், நிரல் மாற்றத்தைப் பதிவு செய்யும் கமிட்டில் எழுதியிருந்த குறிப்பு: "லாகில் தொல்லை கொடுத்த எச்சரிக்கை சரிசெய்யப்பட்டது."

இணைப்பு மூடப்பட்டதும் லிசனரை நீக்கும் ஒரு வரியைச் சேர்த்து, பூஜ்யத்தையும் எடுத்துவிட்டோம். அடுத்த நீண்ட விடுமுறையில் மேலாளரே அழைத்தார்: "மெமரி கிராஃப் ஏறவே மாட்டேன் என்கிறதே, மானிட்டரிங் ஏதும் பழுதா?"