கிராப்பினாவிலிருந்து விண்டியா வரை

குரோஷியாவின் தலைநகரான ஜாக்ரெப் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்தால் கிராப்பினா என்னும் சிற்றூர் வருகிறது. ஊரை ஒட்டிய ஹுஷ்னியாக் குன்றில் ஆழமான குகை ஒன்றை எதிர்பார்த்துச் சென்ற நான் கண்டது, மணற்பாறையில் குடைந்தாற்போல் இருந்த ஓர் ஆழமற்ற ஒதுக்கிடம்தான். 1899 ஆகஸ்ட் 23 அன்று இங்கே அகழாய்வைத் தொடங்கிய தொல்லுயிரியலாளர் டிராகுட்டின் கொர்யானோவிச்-கிராம்பெர்கர், 1905க்குள், அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களின் எலும்புத் துண்டுகள் ஏறத்தாழ 900ஐச் சேகரித்தார். அவற்றின் வயது ஏறத்தாழ 1,30,000 ஆண்டுகள். மனித எலும்புகளும் அழிந்துபோன காண்டாமிருகத்தின் எலும்புகளும் ஒரே காலத்தவை என்று நிறுவ, மண்ணில் புதைந்த எலும்பில் காலப்போக்கில் சேரும் ஃபுளோரினின் அளவை இரண்டிலும் அவர் அந்த நாளிலேயே ஒப்பிட்டார் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை. அந்த அகழாய்வில் கிடைத்த வெண்வால் கழுகின் 8 நகங்களில் வெட்டுத் தடங்களும் தேய்மானமும் இருப்பது 2015இல்தான் எடுத்துரைக்கப்பட்டது; அவை அணிகலனாக இருந்திருக்க வேண்டும் என்கின்றனர் ஆய்வாளர்கள்.

பிற்பகலில், அதே வட குரோஷியாவில் வராஜ்தினுக்கு மேற்கே உள்ள விண்டியா குகைக்குச் சென்றேன். இது உயரமும் அகலமுமான உண்மையான குகை. இங்கு வாழ்ந்த நியாண்டர்தால்களின் புருவ மேடுகள் கிராப்பினாவினருடையதைவிட மெலிந்தவை. இவர்களின் எலும்புகள் 28,000 முதல் 29,000 ஆண்டுகள் பழமையானவை என்று 1999இல் கணிக்கப்பட்டதால், நவீன மனிதர் வந்து சேர்ந்த பின்னும் நியாண்டர்தால்கள் பல்லாயிரம் ஆண்டுகள் இங்கே தங்கியிருந்தனர் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆனால் எலும்பில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்தே வயது கணிக்கப்படுவதால், அதில் பிற்காலக் கரிமம் சிறிதளவு கலந்தாலும் வயது குறைவாகத் தோன்றும். எலும்புப் புரதத்திலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் பிரித்தெடுத்து அளந்தபோது, அதே எலும்புகள் 40,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று 2017இல் தெரியவந்தது. ஐரோப்பாவின் பிற இடங்களிலும் நியாண்டர்தால்களின் தடயங்கள் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன் நின்றுவிடுகின்றன. நெடுங்காலம் இரு இனங்களும் விண்டியாவில் அருகருகே வாழ்ந்தன என்ற சித்திரத்துக்கு இனி இடமில்லை என்றே நான் கருதுகிறேன்.

அவர்கள் மறைந்ததன் காரணத்தைத் தேடுவோருக்கும் இக்குகை ஒரு தடயம் தருகிறது. இங்கு கிடைத்த பெண் ஒருத்தியின் மரபணுத்தொகுதியை 2017இல் மிகத் துல்லியமாகப் படித்தபோது, அவளுடைய மக்கள் எண்ணிக்கையில் சிறுத்து வாழ்ந்தவர்கள் என்பது புலப்பட்டது; அவ்வளவு சிறிய கூட்டம் எளிதில் அழிந்துபோகக்கூடும்.

அவளுடைய மரபணுத்தொகுதியை வைத்துத்தான், கோவிட் நோயைக் கடுமையாக்கும் 3ஆம் குரோமோசோம் பகுதி நியாண்டர்தால் வழி வந்தது என்று 2020இல் மரபணு ஆய்வாளர்களான ஸ்வாண்டே பாபோவும் ஹியூகோ செபெர்கும் கண்டறிந்தனர். தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அந்தப் பகுதி இருக்கிறது. அந்த நோயில் நாங்கள் பறிகொடுத்த பெரியப்பாவை நினைத்தபடி, வெளிச்சம் குறையும்வரை குகை வாயிலிலேயே நின்றிருந்தேன்.