இரவில் வந்தவர்

அப்பா இறந்த பிறகு எட்டு மாதங்கள் நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. இயேசு சீடரோடு உண்ட கடைசி விருந்தை நினைவுகூரும் பெரிய வியாழனன்று காரைக்குடியில் அத்தை வீட்டில் இருந்தும், மாலைத் திருப்பலிக்கு வர மறுத்துவிட்டேன். அத்தை வற்புறுத்தவில்லை. பூசை முடிந்து வந்ததும், "பத்து மணிக்கு மேல் போய்வா தம்பி. ஆராதனை நேரம், யாரும் உன்னை எதுவும் கேட்கமாட்டார்கள்" என்றார்.

செக்காலை சகாய மாதா ஆலயத்துக்கு நடந்தேன். பங்குனி வெயில் சுவர்களில் இன்னும் மிச்சமிருந்தது. பெரிய வீடுகளின் முகப்பில் மட்டும் ஒற்றை விளக்கு. உள்ளே வளவெல்லாம் இருட்டு.

கோயிலில் நடுப்பீடம் துணி நீக்கி வெறுமையாகக் கிடந்தது. பக்கப் பீடத்தில் நற்கருணை, இயேசுவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பம். பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் முறைவைத்து வந்தன. ஓர் அன்பியத்தார் எழ, அடுத்த அன்பியத்தார் வந்து முழந்தாளிட்டார்கள். சனி இரவு உயிர்ப்புப் பெருவிழா வழிபாடு வரை கோயில் மணிக்கு வாயில்லை.

ஒரு பெண் யோவான் நற்செய்தியை வாசித்தார். அப்பத்துண்டைப் பெற்றுக்கொண்டு, இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாசு வெளியே போகிறான். அது இரவு நேரம் என்று யோவான் சொல்கிறார். விருந்தே இரவில்தான் நடக்கிறது. பிறகு எதற்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்? அவன் நெஞ்சுக்குள் இருந்த இருட்டைத்தான் சொல்கிறார். எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதங்களுக்கு முன் நானும் அப்படித்தான் எழுந்து போயிருந்தேன்.

கைவிவிலியத்தை மூன்றாம் அதிகாரத்துக்குப் புரட்டினேன். யூதத் தலைவர்களில் ஒருவரான நிக்கதேம் இயேசுவிடம் வருகிறார், அதுவும் இரவில். பிறர் பார்த்துவிடக் கூடாதென்ற தயக்கம் இருந்திருக்கும். 'பகலில் வா' என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கடவுள் உலகின்மேல் கொண்ட அன்பைப் பற்றிய அந்தப் பெரிய வார்த்தை கிடைத்ததே, தயங்கி வந்த இந்த மனிதரோடு நடந்த இராப்பேச்சில்தான். இயேசுவின் அடக்கத்தின்போது, 'முன்பு இரவில் வந்தவர்' என்று நினைவூட்டியே யோவான் அவரைக் கொண்டுவருகிறார். ஏறக்குறைய முப்பது கிலோ நறுமணப் பொருளைச் சுமந்துகொண்டு, இப்போது ஒளிவுமறைவில்லாமல் வருகிறார். யூதாசு இறங்கிப்போன அதே இருட்டின் வழியாகத்தான் இவர் வந்து சேர்ந்தார். இதை நான் இத்தனை வருடம் கவனித்ததே இல்லை.

போர்த்துகலிலிருந்து வந்து மறவ நாட்டில் மறைபணி செய்த புனித அருளானந்தரும் நினைவுக்கு வந்தார். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டவர். முந்தைய நாள் சிறையில் மை கிடைக்காமல், கரியைக் குழைத்துக் கடிதம் எழுதினார். அந்த ஊர்ச் செம்மண்ணை அப்பா ஆண்டுதோறும் பொட்டலம் கட்டி வருவார். எங்கள் நெற்றியில் இட்டுவிடுவார்.

செபம் வரவில்லை. அப்பா மாலையில் சொல்லும் 139ஆம் திருப்பாடலின் ஒரு வரி மட்டும் வந்தது: "இருள்கூட உமக்கு இருட்டாய் இல்லை." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நள்ளிரவு வரை இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"சனி இரவுக்கு இரண்டு மெழுகுதிரி வாங்கி வைத்திருக்கிறேன்" என்றார். "போன வாரமே வாங்கிவிட்டேன்."