நாலு தடவை முறிந்த கை

பேய்ப்படத்துக்கு வேலை நடக்கும் நாட்களில் எங்கள் ஃபோலி அறையை, அதாவது படத்துக்கு வேண்டிய சத்தங்களைக் கையால் உண்டாக்கிப் பதிவுசெய்யும் அறையைப் பார்த்தால் காய்கறிக்கடை என்றுதான் நினைப்பீர்கள். எலும்பு முறிய செலரித் தண்டு, கத்தி இறங்க முலாம்பழம், குடல் சரிய ஈரத்துணி. 'சைக்கோ' (1960) குளியலறைக் கொலையில் கேட்கும் குத்துகள் முலாம்பழத்தில் எடுத்தவை. அதில் ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். கருப்பு வெள்ளைப் படம், யாருக்கும் தெரியவில்லை.

சேர்ந்த புதிதில் ரத்தக்காட்சி வந்தாலே எனக்குக் குஷி. ஒரு படத்தில் வில்லன் ஒருவனின் கையை முறிப்பான். ஒரு தண்டு போதும். நான் ஒரு கட்டு முழுவதையும் முறுக்கினேன். அதற்கு மேல் ஈரத்துணி, அதற்கும் மேல் தோல் கிழியும் சத்தம். அறையில் போட்டுக் கேட்டபோது எனக்கே முதுகு சில்லிட்டது. முன்னோட்டக் காட்சியில் அதே இடத்தில் அரங்கமே சிரித்தது. டைரக்டர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு பயங்கரமான ஷாட்டை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

மறுநாள் எடிட்டர் கூப்பிட்டார். "கை எத்தனை தடவை தம்பி முறியும்?"

"ஒரு தடவை சார்."

"நீ நாலு தடவை முறிச்சிருக்க."

அப்புறம் 'கேட் பீப்பிள்' (1942) பார்க்கச் சொன்னார். இரவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தி. இரண்டு ஜோடிக் காலணிச் சத்தம். திடீரென்று ஒன்று நின்றுவிடுகிறது. இவள் ஓட்டமெடுக்கிறாள். சிறுத்தை பாய்கிற மாதிரி ஒரு சீறல்! வந்து நின்றது பஸ். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்தியை இன்றும் 'லூட்டன் பஸ்' என்பார்கள். பூனை குதிப்பதற்கெல்லாம் டமார் என்று அடிப்பது இதன் ஏழை உறவுக்காரன். (அதையும் நிறையச் செய்திருக்கிறேன், சம்பளம் வந்தது.) அந்தக் காட்சியைத் திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். சீறலைவிட என்னைப் பிடித்து உலுக்கியது அந்த நின்றுபோன காலடி.

திரும்பப் போய் என் ஒலி ட்ராக்குகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். முறிவதற்கு முன் இரண்டு நொடிகளுக்குச் சட்டைக்கையின் சரசரப்பு மட்டும். பிறகு ஒரே ஒரு தண்டு. அவ்வளவுதான்.

இதனால் ரத்தம் பீய்ச்சும் படங்களை நான் மட்டமாக நினைக்கிறேன் என்று அர்த்தமில்லை. 'ஈவில் டெட் 2' (1987) படத்தில் ஒருவன், தனக்கு எதிராகவே திரும்பிய தன் கையை ரம்பத்தால் அறுத்து, அதன் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து, மேலே புத்தகங்களை அடுக்கி வைப்பான். அங்கே நாலு தடவை என்ன, நாற்பது தடவை முறித்தாலும் தகும். சிரிக்கலாம் என்று படமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. எங்கள் படம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது முன்னோட்டத்தில் சரசரப்பு வந்ததும் அரங்கம் அடங்கியது. கை முறிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சரியாக ஒரு மூச்சு கழித்து, பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எடிட்டரைப் பார்த்தேன்.

"இந்தச் சிரிப்பு இருக்கட்டும்" என்றார்.